வண்டியை ஓட்டியது யார்?

பொய் சொல்லலாமா என்று யாராவது நம்மைக் கேட்டால், கூடாது என்றுதான் சொல்லுவோம். ஆனால் மனசுக்குள்ளே, "யாரிடம்?" என்று ஒரு கேள்வி எழும். பெற்ற தாயிடம் கூடாது, நண்பனிடம் கூடாது, கடன் கொடுத்தவனிடம்கூட, அவன் நல்லவனாக இருந்தால், கூடாது. ரயில்வேயிடம்? குழந்தைக்கு அரை டிக்கெட் வாங்குவதற்காக வயசில் ஒன்றைக் குறைத்துச் சொன்ன தகப்பனாரை நாம் யாரும் பொய்யர் என்று சொல்வதில்லை. முனிசிபாலிட்டியிடம்? வருமான வரி ஆபீஸில்? இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம்? அங்கெல்லாம் பொய்க்குப் பொய் என்றே பெயர் கிடையாது. 'எழுதிப் போடுவது' என்று பெயர். "அப்படி எழுதிப் போடுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லுகிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள். நம்மிடம் பிரியம் உள்ளவர்கள். அதுதான் இதில் உள்ள சிக்கல்.

நானும் ஒரு தடவை எழுதிப் போட்டேன். அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

2012-ஆம் வருஷம் ஆடி மாசம். பேராவூரணிக்குப் பக்கத்தில் உறவுக்காரர் ஒருவர் மொய் விருந்து வைத்திருந்தார். அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு மொய் விருந்தை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்லுகிறேன். கடை வைக்கவோ, கிணறு வெட்டவோ, பெண்ணைக் கட்டிக் கொடுக்கவோ பணமுடை வந்த ஒருவர், ஊரைக் கூப்பிட்டு ஆட்டுக்கறி விருந்து போடுவார். சாப்பிட்டு எழுந்தவர்கள் மொய் எழுதுவார்கள். நோட்டில் பேர், ஊர், தொகை மூன்றும் ஏறும். நாளைக்கு அவரவர் விருந்து வைக்கும்போது, இவர் போய் அந்தத் தொகையைத் திருப்பி எழுதி, மேலே கொஞ்சம் புதுசாகவும் எழுத வேண்டும். பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை, சாட்சிக் கையெழுத்தும் இல்லை. ஒரு முழ நீள நோட்டுப் புத்தகத்தை நம்பி லட்சக்கணக்கான ரூபாய் கை மாறுகிறது.

அங்கே போய்விட்டு, பட்டுக்கோட்டை வழியாகத் தஞ்சாவூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நானும் என் தங்கை மகனும். என்னுடையது 2008-இல் வாங்கிய மாருதி 800. விருந்துச் சாப்பாடு கண்ணைச் சுற்றியது. "மாமா, நான் ஓட்டட்டுமா?" என்று கேட்டான். கொடுத்தேன். அவன் நன்றாகவே ஓட்டுவான். எல்.எல்.ஆர். எடுத்து, ஆறு மாசமாக என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பழகினான்.

ஒரத்தநாட்டைத் தாண்டிச் சில மைல் வந்ததும், இடது பக்கத்து வரப்பிலிருந்து ஓர் ஆட்டுக்குட்டி துள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வந்தது. பையன் ஒடித்தான். பிரேக்கை மிதிக்க வேண்டிய கால் எதை மிதித்ததோ, வண்டி வாய்க்கால் மதகின் கைப்பிடிச் சுவரில் போய் மோதி நின்றது. ஆட்டுக்கறி சாப்பிட்டுவிட்டு வந்த இரண்டு பேர், ஓர் ஆட்டுக்குட்டிக்காகக் காரை உடைத்துக்கொண்டோம். அவனுக்கு வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. எனக்கு நெற்றியில் ஒரு வீக்கம். வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. எதிரே வண்டியும் இல்லை. வண்டியின் முன்பாதி மட்டும் அப்பளம்.

அன்று ராத்திரிதான் அந்த விஷயம் தெரிந்தது. எல்.எல்.ஆருக்கு ஆயுள் ஆறு மாசம். அவனுடையது பதினொரு நாட்களுக்கு முன்னால் முடிந்துபோயிருந்தது. காலேஜ் பரீட்சை என்று டெஸ்ட்டுக்குப் போகாமல் இருந்துவிட்டான். எல்.எல்.ஆர். உயிரோடு இருந்து, லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருந்து, வண்டியில் 'எல்' போர்டும் தொங்கினால், பழகுகிறவன் ஓட்டினாலும் பாலிஸி செல்லும். பதினொரு நாள் முன்னால் அந்த ஆட்டுக்குட்டி குறுக்கே வந்திருக்கக் கூடாதா?

மறுநாள் காலையிலிருந்து புத்திமதி ஆரம்பித்தது. மெக்கானிக் சொன்னார்: "ஐயா, நீங்கதான் ஓட்டினீங்கன்னு எழுதிப் போடுங்க." பாலிஸி எடுத்துக் கொடுத்த ஏஜெண்டு வந்து, நான் எதையும் சொல்லுமுன்பே கையைக் காட்டி அமர்த்தினார். "யார் ஓட்டினதுன்னு எங்கிட்ட சொல்லாதீங்க சார். எனக்குத் தெரிய வேணாம். பாரத்துல உங்க லைசென்ஸ் நம்பரைப் போடுங்க." என் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, பையன் பேர் எதுலயும் வர வேணாம்ண்ணே" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது அவன் குற்றம். லைசென்ஸ் இல்லாதவன் கையில் வண்டியைக் கொடுத்தது என் குற்றம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் இரண்டையும்தான் குற்றம் என்கிறது.

நான் தயங்கியதைப் பார்த்த ஏஜெண்டு, வள்ளுவரைத் துணைக்கு அழைத்தார். நன்மை தருகிற பொய்க்கு அவரே இடம் கொடுத்திருக்கிறாராம். தமிழ்நாட்டில் குறள் படிக்காதவர்களுக்கும் அந்த ஒரு குறள் தெரிந்திருக்கிறது. அந்த நன்மைக்கு முன்னால் வள்ளுவர் 'குற்றமில்லாத' என்று ஒரு நிபந்தனையும் வைத்திருப்பதை மட்டும் எல்லாரும் மறந்துவிடுகிறோம். பாலிஸியின் நிபந்தனைகளை நாம் படிக்காமல் விடுவது போலத்தான்.

"நீங்க கதை எழுதறவரு. உங்களுக்கு இது ஒரு கஷ்டமா?" என்று கடைசியாகச் சொல்லிவிட்டு ஏஜெண்டு பேனாவை நீட்டினார்.

கஷ்டமாகவே இல்லை. கிளெயிம் பாரத்தில் 'விபத்து நடந்த விதம்' என்று நாலு வரி இடம் விட்டிருந்தார்கள். நான் எழுதினேன். வரப்பு, ஆட்டுக்குட்டி, மதகு எல்லாம் வந்தன. எல்லாம் உள்ளது உள்ளபடி. 'ஓட்டியவர்' என்ற இடத்தில் மட்டும் என் பெயர். நூறு உண்மைகளுக்கு நடுவே ஒரு பொய்யை உட்கார வைத்தால் அது எவ்வளவு லட்சணமாகப் பொருந்திவிடுகிறது! கதை எழுதுகிறவனுக்குத் தெரிந்த வித்தை அதுதான். நான் எழுதியதில் எந்த ஆசிரியரும் ஒரு வார்த்தையைக்கூட வெட்டாமல் வாங்கிக்கொண்டது அந்த நாலு வரிதான்.

அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானங்களை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நாலு வருஷமாகப் பிரீமியம் கட்டியிருக்கிறேன். ஒரு பைசா கேட்டதில்லை. நான் கேட்பது இல்லாத நஷ்டத்துக்கு அல்ல. வண்டி உண்மையிலேயே உடைந்திருக்கிறது. நான் ஓட்டியிருந்தாலும் அந்த ஆட்டுக்குட்டி வந்துதான் இருக்கும். அதோடு, கம்பெனி என்பது யார்? அதற்கு முகம் உண்டா? அழுமா? ஏமாந்தேன் என்று ராத்திரி தூங்காமல் புரளுமா?

மூன்றாம் நாள் சர்வேயர் வந்தார். இவரைப் பற்றி ஜனங்களுக்கு ஒரு தப்பெண்ணம் உண்டு. கம்பெனியின் சம்பளக்காரர் என்று. அப்படி இல்லை. 1938-ஆம் வருஷத்து இன்ஷூரன்ஸ் சட்டத்திலேயே இவருக்கு இடம் இருக்கிறது. லைசென்ஸ் வாங்கிய தனி மனிதர். நஷ்டம் ஒரு அளவுக்கு மேல் போனால் இவர் பார்த்து மதிப்புப் போடாமல் கம்பெனி பணம் கொடுக்க முடியாது. ஆனால் கூலி கொடுப்பது கம்பெனிதான். ஆகவே நாம் இவரைக் கம்பெனி ஆள் என்று நினைக்கிறோம். கம்பெனியோ சில சமயம் இவரை நம்முடைய ஆள் என்று சந்தேகிக்கிறது. இரண்டு பக்கமும் நம்பாத மனிதர். நியாயஸ்தருக்கு அது ஒரு லட்சணம்தானோ என்னவோ.

ஐம்பது வயசு இருக்கும். மெலிந்த உடம்பு. ஒர்க்‌ஷாப் வாசலில் செருப்பைக் கழற்றப் போனவர், எண்ணெய்த் தரையைப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டார். சேஸிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்தார். போட்டோ எடுத்தார். கணக்கை எனக்கே விளக்கிச் சொன்னார். பகுதி நஷ்டம் என்று போட்டால், நாலு வருஷம் தாண்டிய வண்டியின் இரும்புச் சாமானுக்கு நூற்றுக்கு 35 கழிப்பார்கள். ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் வயசு பார்க்காமல் சரிபாதி கழிப்பு. கண்ணாடிக்கு மட்டும் கழிவே கிடையாது. "ஆனா உங்க கேஸ் அப்படிப் போகாது சார்" என்றார். வண்டிக்கு ஐ.டி.வி., அதாவது பாலிஸியில் இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட மதிப்பு, 1,20,000 ரூபாய். ரிப்பேருக்கு ஒர்க்‌ஷாப் போட்ட எஸ்டிமேட் 97,000. மதிப்பில் நூற்றுக்கு 75-ஐ ரிப்பேர் தாண்டிவிட்டால், வண்டி முழு நஷ்டம். உடைந்த கூட்டை ஒரு விலைக்குத் தள்ளிவிட்டு, மீதிப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். "ரொம்ப சிக்கல் இருக்காது" என்று சொல்லிக்கொண்டே டிரைவர் பக்கத்துக் கதவை நெம்பித் திறந்தார்.

திறந்தவர் சற்று நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சார், கொஞ்சம் உள்ளே உட்காருங்களேன். ஸ்டியரிங் எவ்வளவு தள்ளி வந்திருக்குன்னு பார்க்கணும்" என்றார்.

உட்கார்ந்தேன். நான் ஐந்தடி மூன்று அங்குலம். என் தங்கை மகன் ஆறடி. மோதிய வேகத்தில் சீட்டின் தண்டவாளம் வளைந்து, சீட்டு கடைசிப் பள்ளத்தில் இறுகிப்போயிருந்தது. என் கால் கிளச்சுக்கு எட்டவில்லை. எட்டாமல் ஒரு ஜாண் உயரத்தில் தொங்கியது.

அவர் என் காலைப் பார்த்தார். ஒர்க்‌ஷாப் வாசலில் கையில் கட்டோடு நின்ற பையனைப் பார்த்தார். நோட்டை மூடினார். கிளெயிம் பாரத்தை எடுத்து என் மடியில் வைத்தார்.

"ஒரு டீ குடிச்சுட்டு வந்துடறேன் சார். பாரத்துல எங்கயாவது திருத்தணும்னா திருத்தி, பக்கத்துல ஒரு கையெழுத்துப் போட்டு வையுங்க. ஒண்ணும் இல்லைன்னா அப்படியே இருக்கட்டும்."

போய்விட்டார். சீட்டு தண்டவாளத்தைப் பற்றி ரிப்போர்ட்டில் எழுதுவேன் என்றும் சொல்லவில்லை. எழுத மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் அந்த மனிதர் எனக்கு ஒரு புதிர். தயவா, பொறியா, வெறும் நாகரிகமா? ஏமாற்றப்பட்ட கம்பெனிக்கு முகம் இல்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேனே, இதோ ஒரு முகம் வந்து, பார்த்துவிட்டு, டீ குடிக்கப் போயிருக்கிறது. இனிமேல் நான் பொய் சொல்ல வேண்டுமானால் கம்பெனியிடம் சொல்ல முடியாது. செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்த அந்த மனிதரிடம்தான் சொல்லியாக வேண்டும்.

அப்போதும் நான் பேனாவை எடுக்கவில்லை. 1,20,000 ரூபாய் எனக்குச் சின்னத் தொகை இல்லை. பையன்தான் கிட்டே வந்தான்.

"மாமா, நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றான். "மூணு நாளா எல்லாரும் எப்படி இடிச்சதுன்னு உங்களைத்தான் கேக்கறாங்க. நீங்களும் சொல்றீங்க. ஆட்டுக்குட்டி வந்துச்சு, ஒடிச்சேன், கால் தடுமாறிடுச்சுன்னு. நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன்னு சொல்றீங்க. நேத்து ராத்திரி எனக்கே நான் பக்கத்துலதான் இருந்தேனோன்னு தோணிப் போச்சு. பயமா இருக்கு மாமா."

எனக்குச் சுருக்கென்றது. கம்பெனியிடமிருந்து எதையோ எடுக்கப் போகிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எடுத்தது இவனிடமிருந்து. தப்பு என்பது பிறரிடம் கொடுத்து வைக்கக்கூடிய சாமான் இல்லை. பத்தொன்பது வயசுப் பையன் ஒருவன் ஒரு பெரிய தவறு செய்திருக்கிறான். அதை நினைத்து நடுங்கவும், வெட்கப்படவும், நாலு பேரிடம் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொள்ளவும் அவனுக்குப் பாத்தியதை இருக்கிறது. பிரியத்தினால் நாங்கள் எல்லாரும் சேர்ந்து அதைப் பிடுங்கிக்கொண்டோம். பிடுங்கியதோடு, அவனுடைய நடுக்கத்தை நான் கொஞ்சம் நன்றாகவே நடித்தும் வந்திருக்கிறேன்.

என் பெயரை அடித்து அவன் பெயரை எழுதினேன். லைசென்ஸ் நம்பர் இருந்த இடத்தில் முடிந்துபோன எல்.எல்.ஆர். நம்பரும் தேதியும். பக்கத்தில் கையெழுத்து. சர்வேயர் திரும்பி வந்து படித்தார். "சரி சார்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

கதையாக எழுதினால் இங்கேயே நிறுத்திவிடலாம். வாசகர்களும் சந்தோஷப்படுவார்கள். ஆனால் எனக்கு யோசிக்க வேண்டியது வந்ததே இதற்குப் பிறகுதான்.

ஐந்து வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. விபத்தின்போது வண்டியை ஓட்டியவரிடம் செல்லத்தக்க லைசென்ஸ் இல்லாதபடியால், பாலிஸியின் நிபந்தனைப்படி கிளெயிம் நிராகரிக்கப்படுகிறது. வருத்தம் தெரிவித்திருந்தார்கள். அந்த வருத்தம் ஏற்கனவே அச்சடித்து வைத்த வருத்தம்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. யாரோ என் சட்டைப்பையில் கை விட்டது போல இருந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே கிளை ஆபீஸுக்குப் போனேன். அங்கே இருந்தவர் இளைஞர், மரியாதை தெரிந்தவர். நாற்காலி போட்டார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "உண்மையைச் சொன்னவனுக்கு நீங்கள் கொடுக்கிற கூலி இதுதானா?" என்று கேட்டேன். குரல் சற்று உயர்ந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் நிதானமாகச் சொன்னார்: "நீங்க உண்மையைச் சொன்னதுக்காகத் தள்ளலை சார். உண்மை அப்படி இருந்ததால தள்ளியிருக்கோம்."

பதில் சொல்லத் தெரியாமல் எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்த வாக்கியமே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. முதலில் அது குமாஸ்தாவின் சாமர்த்தியம் என்று பட்டது. வீடு வந்து சேருவதற்குள், என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார் என்று தெரிந்துபோயிற்று. நான் உண்மையைச் சொன்னேன், சரி. ஆனால் சும்மா சொல்லவில்லை. விலைக்குச் சொன்னேன். பாரத்தைத் திருத்திய அந்தக் கணத்திலேயே மனசின் ஒரு மூலையில், 'இவ்வளவு நேர்மையாக இருக்கிறவனுக்கு எப்படி இல்லை என்பார்கள்?' என்று ஒரு கணக்கு ஓடியிருந்தது. பொய்யைக் கொடுத்துப் பணம் வாங்க வெட்கமாக இருந்தது; ஆகவே உண்மையைக் கொடுத்து அதே பணத்தை வாங்கப் பார்த்தேன். சரக்கு மாறியதே தவிர வியாபாரம் மாறவில்லை.

இதற்கு நம் பக்கத்து நீதிக்கதைகளும் ஒரு காரணம். அரிச்சந்திரன் நாட்டை இழந்தான், பெண்டாட்டி பிள்ளையை விற்றான், சுடுகாட்டைக் காத்தான். எல்லாம் சரி. கடைசியில் என்ன ஆயிற்று? நாடு திரும்ப வந்தது. செத்த பிள்ளை எழுந்து உட்கார்ந்தது. தேவர்கள் பூமாரி பொழிந்தார்கள். ஒழுங்காகப் பிரீமியம் கட்டினவனுக்கு முதிர்வுத் தொகை போனஸோடு வந்தது என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பிள்ளை எழுந்திருக்காமல், தேவர்கள் வராமல், சுடுகாட்டோடு கதை முடிந்திருந்தால் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்போமா? கூத்து மேடையில்தான் ஏற்றியிருப்போமா? உண்மைக்கு ஒரு நாள் வட்டியோடு பலன் உண்டு என்று சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டார்கள். பலன் வராத அன்றைக்கு, ஏதோ நாமே மோசம் போய்விட்டது போல ஆத்திரம் வருகிறது.

என் பக்கத்தைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, கம்பெனியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

இன்ஷூரன்ஸ் என்பது மற்ற வியாபாரங்களைப் போல இல்லை. முழு நம்பிக்கையின் மேல் நிற்பது என்று அதன் சட்டப் புத்தகங்கள் சொல்லுகின்றன. கத்தரிக்காய் விற்கிறவன் சொத்தையைச் சொல்ல வேண்டியதில்லை, வாங்குகிறவன் பார்த்து வாங்க வேண்டும். இன்ஷூரன்ஸில் அப்படி இல்லை, தெரிந்ததை ஒளிக்கக் கூடாது. இந்தக் கொள்கைக்கு மூலமாக எல்லாரும் காட்டுகிற வழக்கு 1766-இல் லண்டனில் மான்ஸ்பீல்டு பிரபு தீர்ப்புச் சொன்னது. சுமத்ரா தீவில் மார்ல்பரோ கோட்டை என்று இங்கிலீஷ்காரர்களுடைய கோட்டை ஒன்று. அதன் கவர்னர் ஜார்ஜ் கார்ட்டர், எதிரி பிடித்துக்கொண்டால் நஷ்டஈடு கிடைக்கும்படி லண்டனில் இன்ஷூரன்ஸ் எடுத்தார். 1760-இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து பிடித்தேவிட்டார்கள். பணம் கொடுக்க வேண்டிய போயம் என்பவர், கோட்டை பலவீனமானது என்பதைக் கவர்னர் ஒளித்துவிட்டார் என்றார். இந்த வழக்கை வைத்துக்கொண்டுதான் இன்றைக்கும் கம்பெனிகள் நம்மை, 'நீ ஒளித்தாய்' என்கின்றன. வேடிக்கை என்னவென்றால், அந்த வழக்கில் ஜெயித்தவர் கவர்னர்! நம்பிக்கை இரண்டு பக்கத்தையும் கட்டும். தெரிந்துகொள்ள முடிந்ததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பிரீமியத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு, பணம் கொடுக்கும் நாள் வந்தபோது ஒளித்தாய் என்று சொல்லுவது நல்லெண்ணம் ஆகாது என்கிற கருத்தில்தான் தீர்ப்பு போயிற்று.

எனக்குக் கம்பெனி கொடுத்தது இரண்டு தாள். தொகையும் தேதியும் இருந்தன. எந்த நிபந்தனையின்படி என்னைத் தள்ளினார்களோ அந்த நிபந்தனைகள் அச்சடித்த புத்தகத்தை நான் நாலு வருஷத்தில் கண்ணால் பார்த்ததில்லை. பொய் எழுதச் சொல்லிப் பேனாவை நீட்டியதும் அவர்களுடைய ஏஜெண்டுதான். வக்கீல் நண்பர் ஒருவர் இதைக் கேட்டதும் துள்ளினார். "இது போதும்! நிபந்தனைகளைக் கொடுக்கவே இல்லை என்று ஆம்பட்ஸ்மனுக்கு எழுதுவோம்" என்றார். இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் என்று ஒருவரை 1998-ஆம் வருஷத்து விதிகள் ஏற்படுத்தின; சென்னையிலும் அவருக்கு ஆபீஸ் உண்டு. செலவில்லாமல் முறையிடலாம். எத்தனையோ பேருக்கு அங்கே நியாயம் கிடைத்திருக்கிறது. கம்பெனி அநியாயமாகத் தள்ளினால் அவசியம் போகத்தான் வேண்டும்.

மனுவை எழுதியும்விட்டேன். 'நிபந்தனைகள் எனக்குத் தரப்படவில்லை.' இது உண்மை. ஆனால் தந்திருந்தால் படித்திருப்பேனா? படித்திருந்தாலும், அந்த மத்தியானத் தூக்கக் கலக்கத்தில் பையனிடம் வண்டியைக் கொடுக்காமல் இருந்திருப்பேனா? லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டக்கூடாது என்பது புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா? ஓர் உண்மையை எடுத்துப் பொய்யின் வேலைக்கு அனுப்புகிறேன் என்று பட்டது. மனுவை மேஜை டிராயரில் போட்டுவிட்டேன். இது பெருந்தன்மையா, களைப்பா என்று என்னைக் கேட்கக் கூடாது.

மொய் நோட்டைப் பற்றி ஆரம்பத்தில் சொன்னேன். அன்றைக்கு விருந்து வீட்டில் பார்த்த அந்த நீள நோட்டு அடிக்கடி ஞாபகத்துக்கு வருகிறது. கம்பெனியின் பணம் என்கிறோமே, அது என்ன பணம்? ஒரு டாக்ஸிக்காரர் தவணை போக மிச்சம் பிடித்துக் கட்டிய பிரீமியம், ஒரு டாக்டர் கட்டியது, நான் கட்டியது. ஒருவருக்கு ஆபத்து வந்தால் எல்லாருமாகச் சேர்ந்து எழுதுகிற மொய்தான் அது. ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, அவ்வளவுதான். பேராவூரணியில் யாரும் மொய் நோட்டில் பொய்க் கணக்கு எழுதத் துணியமாட்டார்கள். அவர்கள் நம்மைவிட யோக்கியர்கள் என்பதால் அல்ல. நாளைக்கு அதே தெருவில் நடக்க வேண்டும். முகம் தெரிந்த இடத்தில் யோக்கியமாக இருப்பதற்குப் பெரிய தைரியம் வேண்டியதில்லை. பார்க்காதவன் பணத்தில்தான் நம்முடைய யோக்கியதை எவ்வளவு என்பது தெரிகிறது. கம்பெனிக்கும் இதையே சொல்லுவேன். பிறத்தியார் மொய்யை வைத்துக் காக்கிறவர்கள் என்கிற நினைப்பு அவர்களுக்கு இருந்தால், நிபந்தனைப் புத்தகத்தைப் பணம் வாங்குகிற நாளிலேயே கொடுத்திருப்பார்கள். தங்கள் சொந்தப் பணப்பெட்டி என்று அவர்கள் நினைக்கிறார்கள். நாமும் அப்படியே நினைத்து அதில் கை வைக்கிறோம்.

இவ்வளவு பேசுகிற நான், ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குப் போனது ஒரு பழைய கார். அதற்குப் பிறகு பஸ்ஸில் போனேன், அவ்வளவுதான். அதே இடத்தில் ஒரு ஷேர் ஆட்டோக்காரர் இருந்து, ஓட்டியது அவர் தம்பியாக இருந்து, அந்த வண்டியே வீட்டில் உலை ஏறுவதற்கு ஆதாரமாக இருந்தால், "பெயரை அடித்துத் திருத்தி எழுதுங்கள்" என்று அவரிடம் சொல்லுவேனா? சொல்ல வாய் வராது. பேனாவையும் நீட்ட மாட்டேன். அந்த சர்வேயரைப் போல, டீ குடிக்கப் போய்விடுவேன் என்று நினைக்கிறேன்.

வண்டியின் கூட்டை எடுத்துப் போகத் திருச்சியிலிருந்து பழைய இரும்பு வியாபாரி ஒருவர் வந்தார். 21,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். லாரியில் ஏற்றுவதற்குச் சங்கிலி மாட்டும்போது, நசுங்கிய முன்பக்கத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல அடிதான். யாரு ஓட்டினது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நான்தாங்க" என்றான் பையன்.

கட்டுப் பிரித்த கையால் காற்றில் ஸ்டியரிங்கை ஒடித்துக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தான். வரப்பு எங்கே இருந்தது, குட்டி எப்படித் துள்ளி வந்தது, தான் எந்தப் பக்கம் ஒடித்தான், பிரேக் என்று நினைத்து எதை மிதித்தான், பக்கத்தில் மாமா தூங்கிக்கொண்டிருந்தார் என்பது வரைக்கும். பத்து நிமிஷம் ஆயிற்று. வியாபாரி சங்கிலியைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டு நின்றார்.

"ஆட்டுக்குட்டி தப்பிச்சுதா?" என்றார்.

"தப்பிச்சுதுங்க."

"அது சரி" என்று சொல்லிவிட்டுச் சங்கிலியை மாட்டப் போனார்.